எந்த ஊரிற் பேசிப் பழகுவது?

ஒரு மொழியை நூலிற் கற்பது ஒன்று. அதனை நாவிற் பழக்குவது மற்றொன்று. இலக்கணத்தை ஐயந்திரிபறக் கற்றவரும், அகராதியைப் பலமுறை புரட்டியவரும், அம்மொழிக்குரிய மனிதர் ஒருவர் எதிரே வந்து, "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று வினவியதும் வாயடைத்து நிற்பதைக் காண்கிறோம். சொல் தெரியாமையால் நேர்வதன்று இது. தெரிந்த சொல் உரிய வேளையில் நாவுக்கு வந்து சேராமையால் நேர்வது. இக்குறைக்கு மருந்து பேச்சு ஒன்றே. அதனாலேயே அயல்மொழி பயில்வோர் சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு, அம்மொழி வழங்கும் நாட்டிற் சில வாரம் தங்கி வர விரும்புகின்றனர்.

ஜப்பானிய மொழி பயில்வோருக்கு எந்நாட்டுக்குச் செல்வது என்ற கேள்வியே எழுவதில்லை. ஸ்பானிய மொழி பயில்வோர் நிலை வேறு. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். 20 தனிநாடுகளில் அஃது ஆட்சிமொழி. அவற்றுள் ஸ்பெயின் ஐரோப்பாவில் உள்ளது. எக்குவட்டோரியல் கினி ஆபிரிக்காவில் உள்ளது. எஞ்சிய 18 நாடுகளும் மெக்சிக்கோ தொடக்கம் ஆர்ஜென்டீனாவும் சிலியும் ஈறாக அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியன் தீவுகளிலும் பரந்து கிடக்கின்றன. மொழியின் தாயகமான ஸ்பெயினில் வாழ்வோர் ஏறத்தாழ 5 கோடி. மெக்சிக்கோவில் மட்டும் 13 கோடி!

இத்துணைப் பெரிய உலகில் எவ்வூரைத் தேர்வது? நான்கு வார விடுமுறையும் பல ஆண்டுச் சேமிப்பும் கையிற் கொண்ட மாணவர் ஒருவருக்கு இது சிறு கேள்வியன்று. பொருந்தாத ஊரைத் தேர்ந்தவர் அழகிய படங்கள் பலவற்றோடு திரும்புவார். உடன் தங்கிய வேற்றுநாட்டாரோடு உரையாடியதால் அவருடைய ஆங்கிலமும் சற்று வளர்ந்திருக்கும். ஸ்பானியமோ புறப்பட்டபோது எங்கிருந்ததோ அங்கேயே இருக்கும். சேமித்த பணத்தை மறுமுறை சேர்க்கலாம். இழந்த ஊக்கத்தை மீட்பது அரிது.

தூய ஸ்பானியம் எங்கே?

ஊர் தேடுவோர் முதலிற் கேட்பது, "தூய ஸ்பானியம் எங்கே பேசப்படுகிறது?" என்பதே. எவரது தமிழ் செந்தமிழ் என்று வாதிட்டுப் பழகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஸ்பெயின் தேசத்தார் பலர் வல்லாடோலிட் நகரைச் சுட்டுவர். அமெரிக்கக் கண்டத்தார் பலர் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவைச் சுட்டுவர்.

வல்லாடோலிட்டின் புகழுக்குக் காரணம் உண்டு. 1601 முதல் 1606 வரை அரசவை அங்கே இருந்தது. 'டொன் கிஹோத்தே' நாவலின் முதற்பாகம் 1605இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர் செர்வாந்தெஸ் அந்நகரிலேயே வாழ்ந்தார். ஆயின், அங்குள்ள மக்களின் அன்றாடப் பேச்சைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 'அவளுக்குச் சொன்னேன்' என்று நான்காம் வேற்றுமையிற் கூறவேண்டிய இடத்தில், 'அவளைச் சொன்னேன்' என்று இரண்டாம் வேற்றுமையிற் கூறுவது போன்ற வழக்கொன்று அப்பகுதியில் வேரூன்றியுள்ளது. ஸ்பானிய இலக்கண அறிஞர் அதனைப் பிழையென்றே கொள்வர். தூய்மைக்குப் பேர்போன ஊரின் நிலையே இது!

பொகோட்டாவின் பெருமையும் இலக்கணப் பெருமையே. மிகெல் அந்தோனியோ காரோ, ருஃபினோ ஹொசே குவெர்வோ என்னும் இரு மொழியறிஞரைப் பெற்ற நகரம் அது; முன்னவர் நாட்டின் சனாதிபதியாகவும் இருந்தவர். அமெரிக்கக் கண்டத்தின் முதலாவது ஸ்பானிய மொழிக்கழகம் 1871இல் அங்கேதான் நிறுவப்பட்டது. அதற்கு முன்னோடியான மாட்ரிட் நகரத்து அரச கழகம் 1713இல் தோன்றியது. 1951இல் மெக்சிக்கோவிற் கூடிய மாநாட்டின் பயனாக, பல நாட்டு மொழிக்கழகங்களும் ஒரு சங்கமாக இணைந்தன. 2009இல் வெளிவரத் தொடங்கிய புதிய பேரிலக்கணம் அவை யாவும் கூடி ஆக்கியதாகும். ஒரு நகரத்தின் வழக்கே சரி, ஏனையவை வழு என்னும் கொள்கையை அக்கழகங்களே கைவிட்டுவிட்டன. ஆகவே தூய்மையை அளவுகோலாகக் கொண்டு ஊர் தேடுவதில் பயனில்லை.

பொன்னிறக் கல்லூரி நகரம்

அங்ஙனமாயின் எதனை அளவுகோலாகக் கொள்வது? புகழ்பெற்ற சில ஊர்களை மனக்கண்ணாற் கண்டுவந்தால் அது தானே விளங்கும்.

முதலிற் சலமன்கா. மாட்ரிட்டுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 800 மீற்றர் உயரமான மேட்டுநிலத்தில் அமைந்த நகரம் அது. 1218இல் நிறுவப்பட்ட அதன் பல்கலைக்கழகம் ஸ்பெயினில் இன்றுள்ளவற்றுள் மிகப் பழையது. நகரின் பழைய கட்டடங்கள் பலவும் அயலூரான வில்யமயோரிற் கிடைக்கும் மணற்கல்லாற் கட்டப்பட்டவை. மாலை வெயில் படும்போது அவை பொன்போல் ஒளிரும். பல்கலைக்கழக முகப்பின் சிற்பக் கூட்டத்துள் ஒரு மண்டையோட்டின் மேல் சிறு தவளையொன்று அமர்ந்திருக்கிறது. பிறர் காட்டாமல் அதனைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவர் பரீட்சையிற் சித்தியடைவர் என்பது அவ்வூர் நம்பிக்கை.

அந்தோனியோ டி நெப்ரிஹா என்னும் பேரறிஞர் ஸ்பானிய மொழிக்கு ஆக்கிய இலக்கணம் 1492ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இந்நகரிலேயே அச்சாயிற்று. கொலம்பஸின் கப்பல்கள் மேற்கு நோக்கிப் பாய்விரித்ததும் அதே ஆண்டு, அதே மாதம். மொழிக்கு விதி வகுத்த நூலும், அம்மொழியைக் கடல் கடந்து கொண்டுசென்ற கப்பலும் ஒருங்கே புறப்பட்டன போலும்!

சலமன்காவில் மொழி கற்பிக்கும் பள்ளிகள் பல, பேச்சும் தெளிவானது. எனினும் அங்கே ஓர் இடர் உண்டு. கோடை விடுமுறையில் உள்ளூர் மாணவர் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட, வேற்றுநாட்டு மாணவர் கூட்டங்கூட்டமாக வந்திறங்குகின்றனர். காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு. பின்னர் நாள் முழுதும் தம்மொத்த வேற்றுநாட்டாரோடு ஆங்கிலத்தில் அளவளாவல். ஆதலின் அங்கு செல்வோர் கோடை கழிந்தபின், உள்ளூர் மாணவர் திரும்பியிருக்கும் காலத்திற் செல்வது நன்று. ஸ்பானியக் குடும்பமொன்றோடு தங்குவது அதனினும் நன்று.

ஸ்பெயினில் மதிய உணவு பிற்பகல் 2 மணியளவில். இரவு உணவு 9 மணிக்கும் பின். உண்டு முடித்ததும் எவரும் எழுந்துவிடுவதில்லை. கோப்பியை முன்வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசியிருப்பர். இதற்கென்றே 'சொப்ரெமேசா' என ஒரு சொல் அம்மொழியில் உண்டு. 'மேசையின் மேல்' என்பது அதன் சொற்பொருள். மொழி பயில்வோருக்கு இந்த ஒரு மணி நேரம், காலை வகுப்பு முழுவதற்கும் ஈடாகும்.

கடற்கரையும் மலைநாடும்

ஸ்பெயினின் மற்றொரு பெருநகரான பார்சலோனா அழகிற் குறைந்ததன்று. ஆனால் அங்கே தெருப்பலகைகளும் பள்ளிக்கூடப் பாடங்களும் கத்தலான் மொழியில் இருக்கக் காணலாம். ஸ்பானியம் எங்கும் விளங்குமெனினும், அந்நகர மக்கள் பலருக்கு வீட்டுமொழி வேறு என்பதைத் தெரிந்துகொண்டு செல்லவேண்டும்.

ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில், பிறர் 'கயே' என வழங்கும் தெருவைக் 'காஷே' என்பர். 'நீ' என்பதற்கும் அங்கே தனிச்சொல் உண்டு. கியூபாவிலும், சிலியிலும், தென் ஸ்பெயினிலும் சொல்லிறுதிச் சகரம் காற்றோடு காற்றாய் மறைந்துபோகும். இவை குறைகள் அல்ல. அவ்வந்நாட்டு மக்களின் அழகிய இயல்புகளே. எனினும், முதன்முறை பேசத் துணிந்தவர் காதுக்கு இவை கடினம்.

சொற்களும் நாட்டுக்கு நாடு மாறும். கியூபாவில் 'குவாகுவா' என்றால் பஸ் வண்டி. சிலியிலும் எக்குவடோரிலும் அதே சொல் கைக்குழந்தையைக் குறிக்கும். கியூபாவிற் கற்றதை எக்குவடோரிற் சொல்லி, "குழந்தைக்காகக் காத்து நிற்கிறேன்" என்பவரைக் கண்டு வழிப்போக்கர் நகைக்காமல் என்ன செய்வர்?

பொதுவாக நோக்கின், அமெரிக்கக் கண்டத்து மலைநாடுகளில் மெய்யொலிகள் தேயாமல் ஒலிக்கும். கடலோரங்களில் அவை மெலியும். 2,600 மீற்றர் உயரத்திலுள்ள பொகோட்டா, 2,850 மீற்றர் உயரத்திலுள்ள எக்குவடோரின் கீட்டோ, குவாத்தமாலாவின் மலையூர்கள் முதலியன புதிதாய்ப் பயில்வோருக்கு ஏற்றனவென எண்ணப்படுவதற்கு இதுவே காரணம். பொகோட்டாவில் நண்பரிடையேயும் குடும்பத்தினரிடையேயும் கூட 'நீங்கள்' என்னும் மரியாதைச் சொல் பெரிதும் வழங்குவது நம்மவருக்கு இயல்பாகத் தோன்றும். ஆயினும் அது ஏறத்தாழ 80 இலட்சம் மக்கள் விரைந்தோடும் மாநகரம். வழியில் நின்று, தட்டித்தடுமாறும் விருந்தினரின் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்க மாநகரத்தாருக்கு நேரம் ஏது?

எரிமலை நிழலில்

குவாத்தமாலாவின் அன்டிகுவா 1,500 மீற்றர் உயரத்தில் மூன்று எரிமலைகளின் நடுவே அமைந்த சிறு நகரம். 1543இல் தலைநகராக எழுந்தது. 1773இல் நிகழ்ந்த பூகம்பத்தில் இடிந்தது. 1776இல் தலைநகர் வேறிடம் பெயர்ந்தது. இடிந்த தேவாலயங்களும் கற்பாவிய தெருக்களும் அப்படியே நிலைபெற, 1979இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களில் பவனி செல்லும் தெருவெங்கும் நிறமூட்டிய மரத்தூளாற் கோலங்கள் இடுவர். பவனி அவற்றின் மீதே நடந்து செல்லும். அவ்வாரத்தில் தங்குமிடம் கிடைப்பது அரிது.

இந்நாட்டு மொழிப்பள்ளிகளின் சிறப்பு, ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்னும் முறையாகும். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே அமர்ந்து பேசவேண்டும். வகுப்பின் பின்வரிசையில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை! தங்குவதும் உண்பதும் உள்ளூர்க் குடும்பத்தோடு. செலவும் ஸ்பெயினை விடப் பெரிதும் குறைவு. ஆனால், அன்டிகுவாவின் அழகே அதற்குப் பகையாயிற்று. உல்லாசப் பயணிகள் நிறைந்தமையால் கடைத்தெருவிலும் உணவகத்திலும் ஆங்கிலம் எதிர்கொண்டு வரவேற்கிறது. பேச எண்ணி வந்தவர் வாய்திறக்குமுன் கடைக்காரர் ஆங்கிலத்தில் விலை சொல்லிவிடுகிறார்.

இதனாற்போலும், விடயமறிந்த மாணவர் சிலர் மேற்கே இன்னும் உயரத்திலுள்ள கெட்சால்தெனாங்கோவை நாடுகின்றனர். ஊரவர் அதனை 'ஷெலா' என்று சுருக்கமாக அழைப்பர். 2,330 மீற்றர் உயரத்தில் காலைக் குளிர் கம்பளிச் சட்டையைக் கேட்கும். கண்ணைக் கவரும் காட்சிகள் அன்டிகுவாவை விடக் குறைவு. அதனாலேயே பயணிகளும் குறைவு, ஆங்கிலமும் குறைவு. பாண் வாங்கவும், சப்பாத்துத் தைக்கவும், பஸ் வண்டி எங்கு நிற்குமென அறியவும் ஸ்பானியத்தைத் தவிர வேறு வழியில்லை. உணவகத்தில் ஒருவர் எழுந்து செல்லும்போது, அறிமுகமில்லாத மேசையினரையும் நோக்கி, "நன்றாக உண்ணுங்கள்" என்று வாழ்த்திச் செல்வது அந்நாட்டு வழக்கம். அவ்வாழ்த்துக்கு விடை சொல்வதிலேயே சில உரையாடல்கள் தொடங்கிவிடும்.

இருவருக்கும் அயல்மொழி

ஷெலாவுக்கு அருகே அல்மொலொங்கா என்னும் ஊரின் காய்கறிச் சந்தை பேர்பெற்றது. கைத்தறியிற் பூவேலை செய்த சட்டையணிந்து கூடைகளின் முன் அமர்ந்திருக்கும் பெண்கள் தம்முட் பேசுவது ஸ்பானியம் அன்று. கிச்சே என்னும் மாயா மொழி. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் 22 வழங்குகின்றன. அம்மக்களிற் பலர் ஸ்பானியத்தைப் பள்ளியிலோ சந்தையிலோ பின்னர்க் கற்றவர்கள். ஆகவே, கரட்டின் விலையை வினவும் அயல்நாட்டு மாணவரும், விலை கூறும் பெண்ணும் தமக்குத் தாய்மொழியல்லாத ஒரு மொழியில் நடுவழியிற் சந்திக்கின்றனர். அப்பெண் மெல்ல, தெளிவாகப் பேசுகிறாள். மாணவரின் தடுமாற்றம் அவளுக்குப் புதிதன்று.

ஆனால் இருவர் நிலையும் ஒன்றென எண்ணிவிடலாகாது. மாணவர் அம்மொழியை விரும்பிக் கற்றார். அவள் முன்னோர் மீது அது 16ஆம் நூற்றாண்டில் வாளோடு வந்து சேர்ந்தது. 1960 முதல் 1996 வரை அந்நாட்டை வாட்டிய உள்நாட்டுப் போரில் மாண்டவருட் பெரும்பாலோர் மாயா மக்களே. 1992இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ரிகொபெர்த்தா மெஞ்சூ கிச்சே இனத்தவர். ஸ்பானியம் அவருக்குத் தாய்மொழியன்று. தம் மக்களுக்கு நேர்ந்ததை உலகுக்கு எடுத்துரைக்க அம்மொழியையே அவர் கருவியாக்கிக்கொண்டார். அவர் பேசியது வல்லாடோலிட்டின் ஸ்பானியமா என்று உலகம் கேட்கவில்லை. அவர் கூறியதைக் கேட்டது. பிழை நேருமோ என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் மாணவர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நமக்குள்ள வசதிகள்

ஸ்பானியத்தை நாடும் தமிழருக்குச் சில வசதிகள் பிறப்பிலேயே அமைந்துள்ளன. அம்மொழியின் அ, எ, இ, ஒ, உ என்னும் ஐந்து உயிரொலிகளும் நமக்குப் புதியன அல்ல. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் 'நாய்'. இவற்றை வேறுபடுத்த ஆங்கிலேயர் அரும்பாடுபடுவர். ரகர றகர வேறுபாடு பயின்ற நமக்கு அது பெரும்பாடன்று. ஞகரமும் நம்மிடம் உண்டு.

ஈழத் தமிழருக்கு மேலும் ஒரு வசதி. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றன. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள். நமது மேசை அங்கே 'மேசா', சப்பாத்து 'சப்பாத்தோ', துவாய் 'தொவாயா', பாண் 'பான்', வாங்கு 'பாங்கோ', குசினி 'கொசினா'. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஒரே மன்னர் பரம்பரையே ஆண்டது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்ததும் அக்காலத்திலேயே. ஆகவே, குசினியிலிருந்து மேசைக்குப் பாண் கொண்டுவரும் ஸ்பானியத் தாயின் பேச்சில் நமக்குத் தெரிந்த சொல் ஒன்றேனும் முதல்நாளே காதில் விழும்.

தேர்வு செய்யும் முறை

இதுவரை கண்டவற்றிலிருந்து அளவுகோல் தெளிவாகிறது. ஓர் ஊரைப் பற்றி விசாரிக்கும்போது, அங்கே நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தாம் வாய்திறந்து பேச நேரும் என்பதை முதலிற் கணக்கிட வேண்டும். இருபது பேர் கொண்ட வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்தால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடமே. அடுத்து, தங்கும் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும்: அவ்வீட்டில் வேறு அயல்நாட்டார் உளரா? குடும்பத்தாரோடு ஒரே மேசையில் உண்பதா, தனியே உண்பதா? வீட்டில் முதியவரும் குழந்தைகளும் உளராயின் அது பெரும்பேறு. சலிப்பின்றிப் பேச அவர்களைப் போன்றவர் வேறில்லை.

நோக்கமும் முக்கியம். ஸ்பெயினில் மேற்படிப்பை நாடுவோர் ஸ்பெயினுக்கே செல்லட்டும்; ஆர்ஜென்டீன இலக்கியத்தில் தோயவேண்டுவோர் 'காஷே' என்னும் ஒலிக்குக் காதைப் பழக்கிக்கொள்ளட்டும். எங்கு சென்றாலும் நான்கு வாரத்தில் நான்கு ஊர் சுற்றுவது தகாது. புதிய ஊரில் ஒவ்வொரு முறையும் பெயரும் நாடும் சொல்வதோடு பேச்சு நின்றுவிடும். ஒரே ஊரில், ஒரே கடையில், ஒரே வேளையிற் பத்துநாள் தொடர்ந்து கோப்பி அருந்துபவரிடமே, பதினோராம் நாள் கடைக்காரர் தம் மகளின் திருமணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

பயண ஏற்பாடுகளையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுடன் ஸ்பெயின் செல்வோருக்கு ஷெங்கன் விசா வேண்டும். மத்திய அமெரிக்காவுக்கு ஐக்கிய அமெரிக்கா வழியே செல்வோர், இடையில் விமானம் மாறுவதற்கும் அந்நாட்டு விசா பெறவேண்டும். குவாத்தமாலாவில் மே முதல் ஒக்ரோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் மழை பிற்பகலிற் பெய்வதால் காலை வகுப்புக்கு இடையூறில்லை. இரவிற் தனியே அலையாதிருத்தல், எந்தத் தெரு தகும், எது தகாது என்பதை வீட்டாரிடம் கேட்டறிதல் ஆகிய எச்சரிக்கைகள் எங்கும் வேண்டுவன. அவ்வாறு கேட்பதும் ஒரு பேச்சுப் பயிற்சிதான்!

வல்லாடோலிட்டின் புகழும் சலமன்காவின் பொன்னிறமும் அன்டிகுவாவின் எரிமலைகளும் நம்மை அழைக்கட்டும். பயணச்சீட்டு வாங்குமுன், "அவ்வூரில் என் தடுமாற்றத்தைப் பொறுத்து, என்னோடு உட்கார்ந்து பேச யாருக்கு நேரம் இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். அதற்கு விடை தரும் ஊர், படத்தில் இடம்பெறாத சிறு மலையூராயினும், நமக்கு ஏற்ற ஊர் அதுவே.